கடற்கரை நகரிலிருந்து தேயிலை மலைக்கு: ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடுதல்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரம் வெயிலுக்குப் பெயர்பெற்ற கடற்கரை நகரம். நண்பகலில் அங்கு வெப்பநிலை 32 பாகை செல்சியசைத் தொடுவது வழக்கம். அத்தகைய நகரில் வாழ்வோருக்கு விடுமுறை என்றதும் குளிர்ந்த மலைப்பகுதியின் நினைவு வருவது இயல்பே. பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பேராக், கிளந்தான் மாநிலங்களை ஒட்டி அமைந்துள்ள கேமரன் மலை, அவ்வாறு நினைவுக்கு வரும் இடங்களுள் முதன்மையானது. காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று பலரும் எண்ணுகின்றனர். அது முடியுமா? முடியும். ஆனால், திட்டமில்லாமல் புறப்பட்டால் நாள் முழுவதும் சாலையிலேயே கழிந்துவிடும். பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

நோக்கத்தைத் தெளிவுபடுத்துதல்

“எதற்காகப் போகிறோம்?” என்பதே திட்டமிடலின் முதல் கேள்வி. குளிர்ச்சி மட்டுமே வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லை. பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். 700 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் பினாங்குக் கொடிமலையின் உச்சியில் நான்கைந்து பாகை குறைவாக இருக்கும். மலை இரயிலில் ஏறிச் சில நிமிடங்களில் அந்தக் குளிர்ச்சியைப் பெற்றுவிடலாம்.

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா நகரம் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கூறிய கணக்கின்படி, ஜார்ஜ்டவுனில் 32 பாகை வெப்பம் இருக்கும்போது தானா ராத்தாவில் 22 அல்லது 23 பாகை இருக்கும். அங்குக் குளிர்ச்சியோடு இன்னொன்றும் கிடைக்கிறது. நாம் அன்றாடம் குடிக்கும் தேநீர் எங்கிருந்து, யாருடைய உழைப்பால் வருகிறது என்பதை நேரில் காணும் வாய்ப்பே அது. ஆகவே, தேயிலைத் தோட்டத்தைப் பயணத்தின் மையமாக வைத்துக்கொள்வதே பொருத்தம். ஸ்ட்ராபெரித் தோட்டம், பட்டாம்பூச்சிப் பண்ணை, பாசிக்காடு, காய்கறிச் சந்தை என எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பது அகலக்கால் வைப்பதாகும். மையமாக ஓர் இடத்தையும் துணையாக ஓர் இடத்தையும் தேர்ந்தெடுத்தால் போதும்.

பாதையும் நேரமும்

கேமரன் மலைக்கு மேற்குக் கரையிலிருந்து இரண்டு முக்கியச் சாலைகள் உள்ளன. ஒன்று, பேராக்கின் தாப்பா நகரிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்குச் செல்லும் பழைய சாலை. இதன் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுகள் மிகுந்த இச்சாலையோரத்தில் லாத்தா இஸ்கண்டார் அருவியையும் பூர்வக்குடியினரின் சிறு கடைகளையும் காணலாம். மற்றொன்று, ஈப்போவுக்குத் தெற்கேயுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகச் செல்லும் புதிய சாலை. இது அகலமானது. ஆயினும் நீண்ட ஏற்ற இறக்கங்களைக் கொண்டது.

வடக்கிலிருந்து வருவோருக்குச் சிம்பாங் பூலாய்ச் சாலையே அருகில் உள்ளது. ஜார்ஜ்டவுனிலிருந்து இவ்வழியில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அதில் சுமார் 160 கிலோமீட்டர் நெடுஞ்சாலை; இதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். எஞ்சிய 80 கிலோமீட்டர் பெரும்பாலும் மலைப்பாதை. தூரம் பாதியாக இருந்தாலும் இதற்கும் ஏறக்குறைய அதே நேரம் தேவைப்படும். தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைக் கணிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இடையில் ஓய்வும் சேர்த்தால், போக நான்கு மணி நேரத்திற்கு மேலும், திரும்ப அதே அளவும் ஒதுக்க வேண்டும்.

ஒரு நாள் பயணத்தைத் திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது நல்லது. இருட்டுவதற்குள் மலைச்சாலையை விட்டு இறங்கிவிட வேண்டும். இரவு ஏழு மணி அளவில் வீட்டை அடைய வேண்டும். அப்படியானால் பிற்பகல் 2.30க்கு மலையிலிருந்து புறப்பட்டாக வேண்டும். மலைமீது ஐந்து மணி நேரமாவது கிடைக்க வேண்டுமெனில் காலை 9.30 அளவில் அங்கு இருக்க வேண்டும். இதற்கு விடியற்காலை 5.30க்குள் வாகனம் ஜார்ஜ்டவுனை விட்டுக் கிளம்ப வேண்டும். இக்கணக்கின்படி அமைந்த ஒரு மாதிரி அட்டவணை வருமாறு:

காலை 5.30 – ஜார்ஜ்டவுனிலிருந்து புறப்படுதல்
காலை 7.30 – சிம்பாங் பூலாய் அருகே சிற்றுண்டி, ஓய்வு
காலை 8.00 – மலையேற்றம்
காலை 9.45 – தேயிலைத் தோட்டத்தை அடைதல்
நண்பகல் 12.00 – பிரிஞ்சாங் நகரில் மதிய உணவு
பிற்பகல் 1.30 – காய்கறிச் சந்தை
பிற்பகல் 2.30 – திரும்பும் பயணம்
மாலை 4.30 – சிம்பாங் பூலாய், ஓய்வு
இரவு 7.00 – ஜார்ஜ்டவுன்

எந்த நாளில் செல்கிறோம் என்பதும் முக்கியம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பிரிஞ்சாங், கியா பார்ம் பகுதிகளில் வாகன நெரிசல் கடுமையாக இருக்கும். சில கிலோமீட்டர் நகர்வதற்கே ஒரு மணி நேரம் பிடிக்கலாம். அப்போது மேற்கண்ட அட்டவணை பொய்த்துவிடும். மறுபுறம், சில தேயிலைத் தோட்டங்கள் திங்கட்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. எனவே, புறப்படுவதற்கு முன்பே திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எந்தத் தோட்டம்?

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற பிரித்தானிய நில அளவையாளர் இம்மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. இயந்திர வசதி குறைவாக இருந்த அக்காலத்தில் செங்குத்தான காட்டை வெட்டித் திருத்தி, சரிவுகளில் தேயிலைக் கன்றுகளை நட்டவர்கள் தொழிலாளர்களே. அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த தமிழர்கள் பெரும்பங்கு வகித்தனர். தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய ஊர்களிலும் தோட்டப்புறங்களிலும் இன்றும் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் அந்த வரலாற்றின் சான்றுகளாகும். இப்போது தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கின்றனர்.

ஒரு நாள் பயணத்திற்குத் தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வாகனத்தின் அளவைக் கருத்தில் கொள்ள வேண்டும். பிரிஞ்சாங் நகருக்கு வடக்கே அமைந்துள்ள சுங்கை பாலாஸ் தோட்டம், சிம்பாங் பூலாய் வழியாக வருவோருக்கு நகரை அடையும் முன்பே கிடைத்துவிடும். அங்குத் தொழிற்சாலையையும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி தேநீர் அருந்தும் இடத்தையும் காணலாம். ஆனால், முதன்மைச் சாலையிலிருந்து அதற்குச் செல்லும் பாதை மிகக் குறுகலானது; பெரிய பேருந்துகளுக்கு ஏற்றதன்று. காரிலோ சிறிய வேனிலோ வருவோருக்கே அது வசதி. பேருந்தில் வரும் பள்ளிக் குழுவினர், தானா ராத்தாவுக்கும் ரிங்லெட்டுக்கும் இடையே முதன்மைச் சாலையை ஒட்டியே உள்ள பாரத் தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்குக் கூடுதலாக ஏறத்தாழ அரைமணி நேரம் தேவைப்படும். அந்த நேரத்தை ஈடுகட்டச் சந்தையை விட்டுவிட வேண்டியிருக்கும்.

தோட்டத்தில் எதைக் கவனிப்பது?

தொலைவிலிருந்து பார்த்தால் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம்போலத் தெரியும். அருகில் சென்று பார்த்தால்தான் அது எவ்வளவு கடினமான பணியிடம் என்பது விளங்கும். தேயிலையை இயல்பாக வளரவிட்டால் அது மரமாகிவிடும். இடுப்பளவு உயரத்தில் அதனைக் கவாத்து செய்து வைப்பதால்தான் கொழுந்து பறிக்க முடிகிறது. ஒரே செடியில் சுமார் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கலாம். முன்பு கையால் ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ எனக் கிள்ளி, முதுகில் தொங்கும் கூடையில் போட்டனர். இன்று பெரும்பாலும் பை பொருத்திய கத்தரிக்கோலையும், இருவர் தூக்கிச் செல்லும் இயந்திரத்தையும் பயன்படுத்துகின்றனர். ஆயினும், செங்குத்தான சரிவுகளில் கால் ஊன்றி நிற்கும் சிரமம் மாறவில்லை. மழையிலும் பனிமூட்டத்திலும் பாரத்தைச் சுமந்து நடக்கத்தான் வேண்டும்.

பறித்த கொழுந்து தொழிற்சாலையில் ஐந்து நிலைகளைக் கடக்கிறது. முதலில் காற்றைச் செலுத்தி இலையிலுள்ள ஈரத்தைக் குறைப்பார்கள், இது வாட்டுதல். பிறகு இயந்திரத்தில் உருட்டி இலையின் சாற்றை வெளிக்கொணர்வார்கள். அடுத்து, காற்றுபடும்படி பரப்பி வைப்பார்கள். அப்போது இலையின் சாறு ஆக்சிஜனோடு வினைபுரிந்து பச்சை நிறம் செம்பழுப்பாக மாறுகிறது. தேநீரின் நிறமும் மணமும் சுவையும் பெரும்பாலும் இந்நிலையில்தான் உருவாகின்றன. பின்னர் வெப்பக் காற்றில் உலர்த்தி, இறுதியாகச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோகிராம் தேயிலைத் தூளுக்குச் சுமார் ஐந்து கிலோகிராம் கொழுந்து தேவை. இந்த ஒரு கணக்கை மனத்தில் கொண்டு சரிவில் வேலை செய்வோரைப் பார்த்தால், கோப்பையில் மீந்த தேநீரைக் கொட்டக் கை வராது.

செடிகளுக்கிடையே நடக்கும்போது கிளைகளை ஒடிக்கக்கூடாது. வேலை செய்வோரைப் படமெடுக்க விரும்பினால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். “வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா” என்று தொடங்கிப் பேசினால், எந்த நூலிலும் இல்லாத செய்திகளை அவர்களிடமிருந்து அறியலாம்.

பாதுகாப்பு

மலைப்பயணத்தில் அழகும் ஆபத்தும் அருகருகே உள்ளன. 2010 டிசம்பரில் சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கிவந்த சுற்றுலாப் பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி, இருபதுக்கும் மேற்பட்ட தாய்லாந்துப் பயணிகள் உயிரிழந்தனர். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிச் செயலிழக்கக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குகின்றனர். ஓட்டுநரை அவசரப்படுத்தாமல் இருப்பதும், இருக்கை வாரை அணிந்துகொள்வதும் பயணிகளின் கடமை. நீண்ட பயணம் என்பதால் ஓட்டுநருக்குப் போதிய ஓய்வு தரவேண்டும். இயன்றால் இரண்டாவது ஓட்டுநரையும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மழையையும் கவனிக்க வேண்டும். கேமரன் மலையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. காடுகள் அழிக்கப்பட்ட சரிவுகளில் மண் எளிதில் கரைந்து ஓடுகிறது. 2013 அக்டோபரில் கனமழையைத் தொடர்ந்து சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. மண்சரிவால் சாலைகள் மூடப்படுவதும் உண்டு. ஆதலால், புறப்படும் முன் வானிலை அறிவிப்பையும் சாலை நிலவரத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். நிலைமை சரியில்லை என்றால் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

பயணத்திற்கு எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவே: மெல்லிய குளிராடை, மழையாடை, வழுக்காத காலணி, குடிநீர், அன்றாட மருந்து. வளைந்த பாதையில் தலைசுற்றல் வருபவர்கள் வாகனத்தின் முன்பகுதியில் அமர்ந்து தொலைவிலுள்ள காட்சியைப் பார்ப்பது நல்லது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் அதிகமாகும். பள்ளிக் குழுவாகச் சென்றால் பெற்றோரின் எழுத்துமூல அனுமதியும் பெயர்ப்பட்டியலும் தேவை.

ஒரு நாள் போதுமா?

இறுதியாக, நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பயணத்தில் எட்டு மணி நேரத்திற்கு மேல், மலையில் ஐந்து மணி நேரம் என்பது எல்லாருக்கும் ஏற்றதா? மாணவர்களாலும் இளைஞர்களாலும் இதனைத் தாங்க முடியும். முதியோரும் சிறு குழந்தைகளும் உடன் வருவார்களானால் ஓர் இரவு தங்கிவருவதே நலம். செலவு கூடினாலும் களைப்புக் குறையும். ஓட்டுநரும் நன்றாக உறங்கி எழுவார்.

ஒரு பயணத்தின் பயனைப் பார்த்த இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்க முடியாது. நோக்கம் தெளிவாகவும், நேரக் கணக்கு சரியாகவும், பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காமலும் திட்டமிட்டால், ஐந்து மணி நேரத்தில்கூட ஒரு மலையின் வரலாற்றையும் அதனை உருவாக்கிய மக்களின் உழைப்பையும் அறிந்து திரும்பலாம். அடுத்த விடுமுறைக்கு முன் உங்கள் ஊரிலிருந்து இத்தகைய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீடு திரும்ப வேண்டிய நேரத்தை முதலில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி உங்கள் அட்டவணையை உருவாக்குங்கள்.