சிறுசொல்லும் பல்பொருளும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் நெடிய சொற்களைக் கண்டு அஞ்சுகின்றனர். மொழிபெயர்ப்புப் பயிற்சித் தாள்களைத் திருத்தும் தமிழாசிரியனாகிய யான் கண்டதோ வேறு. நெடிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே உண்டு. 'போட்டோசிந்தசிஸ்' என்றால் ஒளித்தொகுப்பு, அவ்வளவே. மாணவரை இடறச் செய்வன 'றன்', 'ரேக்', 'செற்' போன்ற சிறுசொற்களே.

சாமுவேல் ஜோன்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியில் 'ரேக்' என்னும் வினைக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களை வகுத்தார். 1989இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செற்' என்பதாகும். பின்னர் அவ்வகராதியைத் திருத்தியோர் 'றன்' என்னும் வினைக்கு 645 பொருள் கண்டனர்.

'றன்' என்றால் 'ஓடு' என மனனஞ் செய்த மாணவன் என் செய்வான்? நாய் ஓடும், ஆறும் ஓடும், அதுவரை இடரில்லை. கடையை 'றன்' செய்பவர் அதனை நடத்துகிறார். தேர்தலில் 'றன்' செய்பவர் போட்டியிடுகிறார். துணியின் நிறம் 'றன்' செய்தால் சாயம் கழல்கிறது. சீனி 'றன் அவுட்' ஆனால் தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் 'ஓடு' என்றே எழுதிப் புள்ளி இழந்த பிள்ளைகள், ஆங்கிலம் தமக்கு வராது என நூலை மூடிவிடுகின்றனர்.

இதற்காக ஆங்கிலத்தை நோவது முறையன்று. நம் 'பிடி' என்னுஞ் சொல்லை நோக்குக. மீனைப் பிடிக்கிறோம், தடிமன் பிடிக்கிறது, குழந்தை அடம் பிடிக்கிறது, மாம்பழம் நமக்குப் பிடிக்கிறது. ஆங்கிலேயரும் 'கச்' என்னுஞ் சொல்லால் மீனையும் தடிமனையும் பிடிப்பர். அடத்தையும் மாம்பழத்தையும் அச்சொல்லாற் பிடித்தல் இயலாது.

பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியப்படும் என்பது தொல்காப்பியர் கண்ட முறை. மா பூத்தது என்றால் மரம். மா கனைத்தது என்றால் குதிரை. பெயருக்கு உரைத்த இம்முறையை ஆங்கில வினைக்கும் ஏற்றிக் கொள்ளலாம். அங்கே வினையின் பொருளை அதனோடு வரும் பெயர் காட்டும்.

ஆகவே, ஆசிரிய அன்பர்களே, ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை எழுதிப் பாடமாக்கச் செய்யும் வழக்கத்தை விடுவோம். சொல்லை அதன் துணையோடு, முழு வாக்கியமாகவே கொடுப்போம். அவ்வாக்கியத்தைத் தாய் வீட்டில் எவ்வாறு சொல்வாள் என்று பிள்ளையைக் கேட்போம். பிள்ளை சொல்லும் விடையே பெரும்பாலும் சரியான மொழிபெயர்ப்பாக இருக்கும்.