சிறுகிளி பழக்கும் முறை

கிளியைக் கூட்டிலிட்டு வளர்த்தல் நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். எனினும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்த்தல் குற்றமாகும். ஆதலின், பறவை வளர்க்க விழைவோர்க்கு ஏற்றது ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துக்குரிய பட்ஜரிகர் என்னும் சிறுகிளியே. நம் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுவனவற்றுட் பல இவையே. ஜான் கூல்டு என்னும் பறவை நூலறிஞர் 1840இல் இவற்றை உயிருடன் இங்கிலாந்திற்குக் கொணர்ந்தார். அதன் பின்னர் இவை மனிதர் இல்லங்களிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி வந்துள்ளன.

இதனைப் பழக்கும் முறை யாது? முதற் சில நாள் கூட்டின் அருகமர்ந்து மென்மையாகப் பேசுதலே போதும். அச்சம் தணிந்தபின், தினைக்கதிரை ஏந்திக் கையைக் கூட்டினுள் அசையாது வைத்தல் வேண்டும். பறவை தானே வந்து கொத்தத் தொடங்கியதும், விரலை அதன் மார்பின் அடியில் மெல்லச் சேர்ப்பின், அது விரன்மீது ஏறும். நாடோறும் பத்து நிமிடப் பயிற்சி அமையும். பட்டினியிடுதலும் துரத்திப் பிடித்தலும் தகா. யாம் ஒருநாள் அவசரத்தால் எம் பறவையைப் பற்றினோம். அது மீண்டும் எம் கைக்கு வர ஒரு திங்கள் ஆயிற்று.

தானியத்தோடு கீரையும் தூய நீரும் நாடோறும் அளித்தல் வேண்டும். பறவையின் நுரையீரல் மிக நுண்ணியது; ஒட்டாப் பூச்சுள்ள வாணலி அளவு கடந்து காயின், அதன் ஆவி பறவையை விரைவிற் கொல்லும். ஆகவே அடுக்களையிற் கூடு வைத்தலாகாது. இறகு சிலிர்த்து ஓய்ந்திருப்பின் நோயென்றறிந்து கால்நடை மருத்துவரை நாடுக.

கூடு திறந்திருப்பினும் விரலை நாடி வருவதே பழகிய பறவை.