டேப்லெட்டில் எந்த வீடியோ ஓடும்?

2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தபோது இணைய வீடியோக்களில் பெரும்பகுதி அடோபியின் ஃபிளாஷை நம்பியிருந்தது. ஐபேடில் ஃபிளாஷுக்கு இடமில்லை. அந்த மாத இறுதியில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தை இரண்டு நிறுவனங்களின் மோதலாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால், அதில் ஒரு கணக்கு இருந்தது. ஐபோனில், சிப்பே நேரடியாகப் பிரித்துக் காட்டும் எச்.264 வடிவ வீடியோ 10 மணி நேரம் வரை ஓடும். அன்றைய ஃபிளாஷ் தளங்களில் பெரும்பாலானவற்றைப் போல மென்பொருள் மூலம் பிரித்துக் காட்டப்படும் வீடியோ என்றால் 5 மணி நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். டேப்லெட்டில் எந்த வீடியோ ஓடும் என்பதை முடிவு செய்வது பிரவுசரோ கொள்கையோ அல்ல, சிப்புக்குள் பதிக்கப்பட்ட மின்சுற்றுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எம்பி4, வெப்எம் என்று நாம் சொல்வதெல்லாம் மேலுறை மட்டுமே. படத்தைச் சுருக்கி வைத்திருப்பது உள்ளே இருக்கும் கோடெக். எச்.264 ஒவ்வொரு படத்தையும் 16×16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கட்டம் முந்தைய படத்திலிருந்து எங்கே நகர்ந்தது, எவ்வளவு மாறியது என்பதை மட்டுமே பெரும்பாலும் எழுதி வைக்கிறது. 1280×720 அளவுள்ள ஒரு படத்தில் இப்படி 3,600 கட்டங்கள். நொடிக்கு 30 படங்கள் என்றால், 1,08,000 கட்டங்களை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும். முதல் ஐபேட் ஏற்றுக்கொண்ட உச்ச அளவும் இதுதான். பொதுவான செயலி இந்த வேலையைச் செய்தால் சூடாகிறது, மின்சாரத்தை விழுங்குகிறது. இதற்கென்றே வடிவமைத்த மின்சுற்று சொற்ப மின்சாரத்தில் முடித்துவிடும். ஆனால், தொழிற்சாலையில் எந்தக் கோடெக்குக்காக வடித்தார்களோ அதற்கு மட்டும்தான் அது உதவும். பின்னாளில் அப்டேட் செய்து புதிய கோடெக்கைக் கற்றுக்கொடுக்க முடியாது.

அடுத்து வந்த ஆண்டுகள் இதை உறுதிப்படுத்தின. 2010 மே மாதம் கூகுள், காப்புரிமைகளுக்கு உட்பட்ட எச்.264-க்கு மாற்றாக விபி8 கோடெக்கை உரிமக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. குரோமிலிருந்து எச்.264-ஐ நீக்கப்போவதாக 2011 ஜனவரியில் அறிவித்தது, கடைசிவரை நீக்கவில்லை. திறந்த வடிவங்களுக்காகவே உறுதியாக நின்ற பிரவுசர் தயாரிப்பாளர் மொசில்லாவும் 2012-இல் எச்.264-ஐ ஏற்க முடிவெடுத்தது. கொள்கையில் மொசில்லா பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். ஆனால், மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த கருவிகளில் எச்.264 மின்சுற்று இருந்தது.

அப்படியானால் காப்புரிமை பெற்ற ஒரு பழைய வடிவத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2018-இல் வெளியான ஏவி1 திறந்த வடிவம். அதே தரத்தை மிகக் குறைந்த டேட்டாவில் தருகிறது. டேட்டாவுக்குக் காசு எண்ணிக் கொடுப்பவருக்கு இது பெரிய விஷயம். ஆனால், அதற்கான மின்சுற்று ஐபேட் வரிசைக்கு 2024-இல்தான் வந்தது. அது இல்லாத ஐபேடுகளில் சஃபாரி ஏவி1-ஐ ஓட்டுவதில்லை. ஆண்ட்ராய்டில் டேவிட் (dav1d) போன்ற வேகமான டிகோடர் மென்பொருள்கள் ஓரளவு ஈடுகட்டுகின்றன. அதற்கான விலையைப் பேட்டரி கொடுக்கிறது. எச்.264-இன் காப்புரிமைகளோ ஒவ்வொன்றாகக் காலாவதியாகி வருகின்றன.

அதனால் இரண்டையும் கொடுப்பதே வழி. ஒரே வீடியோவை இரண்டு வடிவங்களில் வைத்தால் சேமிப்புச் செலவு கூடும் என்பது உண்மை. அந்தச் செலவை வெளியிடுபவர் ஏற்காவிட்டால், புது டேப்லெட் வாங்கும் செலவாக அது பார்ப்பவர் தலையில் விழும். எச்டிஎம்எல்5-இல் ஒரே வீடியோவுக்குப் பல கோப்புகளை வரிசையாகக் கொடுக்கும் வசதி ஆரம்பத்திலிருந்தே உண்டு. தன்னால் ஓட்ட முடிந்த முதல் கோப்பைப் பிரவுசரே எடுத்துக்கொள்ளும். பாடங்களையும் மருத்துவ அறிவுரைகளையும் அரசு அறிவிப்புகளையும் வீடியோவாக வெளியிடுபவர்கள் முதலில் ஏவி1-ஐக் கொடுங்கள்; அதற்கு அடுத்த வரியில் எச்.264-இல் ஒரு எம்பி4 கோப்பையும் தவறாமல் வையுங்கள்.