பல்கலைக்கழகம் போன பிள்ளையும் உளநோயும்

வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்களுக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தது. 2006இல் மாவிலாற்று அணைக்கட்டு மூடப்பட்டதைத் தொடர்ந்து சண்டை மூண்டபோது, வெள்ளாமையையும் மாடுகளையும் விட்டுவிட்டு மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனார்கள். அன்று தோளில் சுமந்து சென்ற குழந்தைகள் இன்று பல்கலைக்கழக வயதுப் பிள்ளைகள். வந்தாறுமூலையிலும் திருகோணமலை வளாகத்திலும் இன்னும் தூர இடங்களிலும் படிக்கிறார்கள். முகாமில் இருந்து எழுந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை பல்கலைக்கழகம் போவது அந்தக் கிராமத்துக்கே பெருமை.

அந்தப் பெருமையே சில வேளைகளில் பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறது. "என்னை நம்பித்தானே வீடு இருக்கிறது, எனக்கு மனம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது?" என்று பிள்ளை மறைக்கிறது. லீவுக்கு வந்த பிள்ளை அறையை விட்டு வெளியே வராவிட்டால், "படிப்புக் கூடிப்போச்சு", "கண்ணூறு பட்டிட்டுது", "ஆரோ செய்வினை செய்திட்டாங்கள்" என்று அயலார் சொல்கிறார்கள். கலியாணப் பேச்சுக்குத் தடை வரும் என்று வீட்டாரும் மூடி வைக்கிறார்கள். இப்படி இரண்டு பக்கமும் மறைக்கும்போது, மாற்றக்கூடிய நோய் முற்றிவிடுகிறது.

படித்தவர்களும் விலக்கல்ல

இந்த அறியாமை படிக்காதவர்களுக்கு மட்டும் உரியது என்று நாம் நினைத்துவிடக் கூடாது. கொழும்புப் பல்கலைக்கழக மாணவர்கள் 4,671 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. மனச்சோர்வு நோய் கண்ட ஒரு மாணவரின் நிலையை விவரித்து, இவருக்கு என்ன என்று கேட்டார்கள். அதை மனச்சோர்வு நோய் என்று இனங்கண்டவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவில்தான். மாணவர்களிடையே இரண்டு விதமான தப்பெண்ணங்களும் காணப்பட்டன. ஒன்று, இது நோயல்ல, மனப்பலவீனம் என்பது. மற்றது, இப்படிப்பட்டவர் ஆபத்தானவர், சேரத் தகாதவர் என்பது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். விடுதியில் ஒரே அறையில் இருக்கும் நண்பனுக்கே நோய் தெரிவதில்லை. நோயுற்ற பிள்ளையும் "நான் சோம்பேறி, எதற்கும் உதவாதவன்" என்று தன்னையே குற்றம் சொல்கிறது. "விசர்" என்ற பட்டம் விழுந்துவிடும் என்ற பயத்தில் மாணவர் ஆலோசகரிடமோ வைத்தியரிடமோ போகத் தயங்குகிறது.

அங்கொடை என்ற அச்சம்

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உளநோயாளரைப் பற்றிய நம் நாட்டுச் சட்டம் 1873ஆம் ஆண்டில் வந்தது. அது அவர்களைப் பிடித்து அடைத்து வைப்பதையே பெரிதாகக் கருதிய காலம். 1926இல் தொடங்கிய அங்கொடை வைத்தியசாலையின் பெயர் நம் பேச்சில் ஒரு வசைச்சொல்லாகவே மாறிப்போனது. அதனால் உளநோய் என்றதும் பூட்டிய கதவும் தூர தேசமும் நினைவுக்கு வருகின்றன.

ஆனால் நிலைமை மாறியிருக்கிறது. சிகிச்சையை மக்களின் இடத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பது 2005இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய உளநலக் கொள்கை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. சிகிச்சை இலவசம். பெரும்பாலானோர் கிளினிக்குக்கு வந்து, வைத்தியரைக் கண்டு, அன்றே வீடு திரும்புகிறார்கள்.

நோயை அறிவது எப்படி?

கவலை எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை குழம்பி, பசி கெட்டு, முன்பு விரும்பியதில் விருப்பம் அற்று, படிப்பில் மனம் நில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இல்லாத குரல் காதில் கேட்பதும், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவதும் வேறொரு நோயின் அறிகுறிகளாகலாம். இதுவும் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுகளில்தான் தலைகாட்டும். எவ்வளவு விரைவில் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குணம் நல்லது. உளநோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

வயலில் அறக்கொட்டி விழுந்தால் நாம் வெட்கப்பட்டு மறைப்பதில்லை. விவசாயப் போதனாசிரியரைத் தேடி ஓடுகிறோம். பிள்ளையின் மனதுக்கு நோய் வந்தால் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டார் செய்யக்கூடியவை

முதலாவது, ஏசாமல் கேளுங்கள். "மகன், ஒழுங்காச் சாப்பிடுறாயில்ல, நித்திரையும் இல்ல. மனசுக்கு என்ன செய்யுது?" என்ற ஒரு கேள்வியே பாதிச் சுமையை இறக்கும். புத்தி சொல்வதைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. வருகிறது என்று சொன்னால் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினிகளை வீட்டில் வைக்காமல், வேறிடத்தில் பூட்டி வையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்வரிசையில் இருந்தது. நச்சுத்தன்மை கூடிய கிருமிநாசினிகள் தடை செய்யப்பட்ட பின் அது பாதிக்கு மேல் குறைந்தது. ஆபத்தான அந்தச் சில மணிநேரம் கடந்தால் உயிர் தப்பும் என்பதற்கு இதுவே சாட்சி.

மூன்றாவது, நேர்த்தி வைப்பதும் செபிப்பதும் ஆறுதல் தரும். ஆனால் அவற்றுக்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். மனச்சோர்வுக்கான குளிசைகள் வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். சுகம் கண்டதும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

நான்காவது, வழி தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

ஐந்தாவது, படிப்பு ஒரு வருடம் பிந்தினால் பிந்தட்டும். சுகமான பிள்ளை மீண்டும் படிக்கும்.

கல்லறைகளுக்கிடையே வாழ்ந்த ஒரு மனிதனைப் பற்றி மாற்கு நற்செய்தி சொல்கிறது. ஊரார் அவனுக்குச் சங்கிலி மாட்டினார்கள். இயேசுவோ அவனிடம் பெயரைக் கேட்டார். அவன் சுகமான பின், தன்னோடு வர விரும்பியவனை அவனுடைய வீட்டாரிடமே அனுப்பி வைத்தார். சுகமான மனிதனுக்கு ஒரு வீடு காத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் தூரத்து விடுதியில் இருந்து மனம் சோர்ந்து வரும் நாளில், பயமில்லாமல் வந்து சேரக்கூடிய வீடாக நம் வீடுகளை ஆக்குவோம்.