கப்பல் வேலைக்குக் காசு கேட்டால்

“ஜாயினிங் அடுத்த மாசம் தம்பி. சீட்டு ஒண்ணுதான் பாக்கி. நாளைக்குள்ள அட்வான்ஸ் போட்டீங்கன்னா பேரை ஏத்திடலாம்.” தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்துப் பையன்கள் மட்டுமல்ல, கடலே இல்லாத மாவட்டத்தில் பிறந்து கப்பலுக்கு ஆசைப்பட்டவர்களும் இந்தப் பேச்சை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். தொகை ஆளைப் பார்த்து மாறும். இரண்டு லட்சம் கேட்பவரும் உண்டு, ஐந்து லட்சம் கேட்பவரும் உண்டு. வீட்டில் நகை அடகுக்குப் போகும், அல்லது அரை ஏக்கர் கைமாறும்.

சட்டம் இதில் வளைவு நெளிவு இல்லாமல் பேசுகிறது. மாலுமியைக் கப்பலில் வேலைக்குச் சேர்த்துவிடுவதற்காக அவரிடமிருந்து யாரும் கட்டணம் வாங்கக் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதைச் சொல்கிறது. 2013இல் அது நடைமுறைக்கு வந்தது, 2015இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. வேலை தேடுபவர் தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டியவை மருத்துவச் சான்று, சிடிசி என்கிற மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவைதான். விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளியின் பொறுப்பு. ஆகவே சேவைக் கட்டணம், ஃபைல் சார்ஜ், கம்பெனிக்கு டெபாசிட் என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் கேட்டவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். நல்ல ஏஜென்ட், கெட்ட ஏஜென்ட் என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதே இல்லை. காசு கேட்டதே போதுமான சாட்சி.

இவ்வளவு தெளிவான விதி இருந்தும் ஏன் ஏமாறுகிறோம்? பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கல்லூரி இடத்துக்கு நன்கொடை கொடுத்து, வேறு சில இடங்களில் ‘கவனித்து’ப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. பெரிய சம்பளம் வரும் வேலைக்குக் காசு கேட்காவிட்டால்தான் நமக்குச் சந்தேகம் வருகிறது. இன்னொரு காரணம் கடல் படிப்பிலேயே இருக்கிறது. பயிற்சி நிலையங்களிலிருந்து படித்துவிட்டு வெளியே வரும் எல்லோருக்கும் பயிற்சி மாலுமியாக, அதாவது கேடட்டாக, ஏற கப்பலில் இடம் இல்லை. ஏறிக் கடலில் நாள் சேர்க்காமல் அதிகாரி தேர்வு எழுத முடியாது. படிப்பு முடித்துக் கையில் சான்றிதழோடு ஆண்டுக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையன் ஏஜென்ட்டின் கண்ணுக்குப் பழுத்த மாம்பழம். கல்விக்கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது ‘சீட்டு ஒண்ணுதான் பாக்கி’ என்ற சொல்லுக்கு வலிமை கூடிவிடுகிறது.

எனவே எச்சரிக்கை ஏஜென்ட்டிடம் போகும்போது அல்ல, படிப்பில் சேரும்போதே தொடங்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வு வழியாக நாட்டிகல் சயன்ஸ், மரைன் இன்ஜினியரிங் படிப்புகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்போடு நிற்பவர்களுக்கு ஜி.பி. ரேட்டிங் என்ற ஆறு மாதப் பயிற்சி. மின் பொறியியல் படித்தவர்களுக்குத் தனி வழி உண்டு. நிலையத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (ஊர்ப் பேச்சில் ‘டி.ஜி. ஷிப்பிங்’) அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் கட்டணம் கட்ட வேண்டும். ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்று சுவரொட்டி அடிக்கும் நிலையத்திடம், போன வருடம் படித்தவர்கள் எந்தக் கம்பெனியின் எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்று கேளுங்கள். பெயரோடு பதில் வந்தால் அந்தப் பையன்களிடமே பேசிப் பாருங்கள். பதில் மழுப்பலாக வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி இல்லாமலே வெளிநாட்டுச் சிடிசி வாங்கித் தருகிறேன் என்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தீயணைப்பு, முதலுதவி, உயிர்காப்புப் படகில் தப்பிப்பது போன்ற அடிப்படைப் பயிற்சிகள் சடங்குக்காக வைத்தவை அல்ல. நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. போலிச் சான்றிதழோடு ஏறுகிறவர் தன் உயிரையும் கூட இருப்பவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார். பிடிபட்டால் அவர் ஏமாந்தவராக நிற்க முடியாது, குற்றவாளியாகத்தான் நிற்க வேண்டிவரும்.

ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு வருவோம். இந்தியாவில் மாலுமிகளைக் கப்பலுக்கு அனுப்ப ஆர்.பி.எஸ்.எல். என்கிற உரிமம் கட்டாயம். 2016ஆம் ஆண்டு ஆட்சேர்ப்பு விதிகள் இதை ஒழுங்குபடுத்துகின்றன. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் இருக்கிறது. உரிமம் இப்போதும் செல்லுபடியாகிறதா, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கே பார்க்கலாம். மோசடிக்காரர்களும் இதை அறிந்தவர்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் அப்படியே போட்டு, மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கடிதம் அனுப்புவார்கள். ஆகவே கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். அரசுத் தளத்தில் உள்ள எண்ணை அழைத்து, இந்தப் பெயரில் இந்தக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறீர்களா என்று கேளுங்கள்.

உரிமம் பெற்ற நிறுவனம் தான் அனுப்பும் மாலுமியின் விவரத்தை அரசின் பதிவில் ஏற்றியே அனுப்பும். உரிமம் இல்லாதவர் விசிட் விசா ஒன்றைக் கையில் கொடுத்து, “ஏர்போர்ட்ல கேட்டா டூர் போறேன்னு சொல்லிடு” என்பார். இந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் டிக்கெட் எடுத்திருந்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அரசின் பதிவில் நீங்கள் மாலுமியே அல்ல என்றால், நாளை சிக்கல் வரும்போது உங்களை எந்தக் கப்பலில் தேடுவது என்றுகூட யாருக்கும் தெரியாது.

கப்பலையும் விசாரிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடல் கடந்து ஓடும் வணிகக் கப்பல்களுக்கு ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் உண்டு. பெயர் மாறினாலும், கொடி மாறினாலும், முதலாளி மாறினாலும் அந்த எண் மாறாது. ஈக்வாசிஸ் என்ற இலவசத் தளத்தில் அதை இட்டால் கப்பலின் வயது, உரிமையாளர், எந்தத் துறைமுகத்தில் என்ன குறைக்காகத் தடுத்து நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் தெரியும். முப்பது வயதுக் கப்பல், இரண்டே ஆண்டில் மூன்று பெயர், மூன்று கொடி என்றிருந்தால் அதில் ஏறாதீர்கள். எண்ணையே தர மறுக்கும் ஏஜென்ட்டிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2017இல் எம்.டி. இபா என்ற எண்ணெய்க் கப்பலை ஐக்கிய அரபு அமீரகத்துக் கடலில் அதன் முதலாளி கைவிட்டார். சம்பளம் நின்றது. கப்பலில் இருந்த ஐந்து பேரில் மூவர் இந்தியர்கள். கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் அவர்கள் கரை இறங்கவில்லை. 2021 ஜனவரியில் நங்கூரம் அறுந்து கப்பல் உம்முல் குவைன் கடற்கரை மணலில் தட்டி நின்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போதும் அவர்கள் உடனே இறங்கிவிடவில்லை. இறங்கினால் முப்பத்திரண்டு மாதச் சம்பள பாக்கியைக் கேட்கும் பிடி போய்விடும் என்ற பயம். அமீரகம் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் சேராத நாடாக இருந்தது சிக்கலைக் கூட்டியது. கடைசியில் பாக்கியில் ஒரு பகுதிக்கு ஒப்புக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள்.

இது எங்கோ ஒன்று நடந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024இல் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட கப்பல்களில் மூவாயிரத்துக்கும் அதிகமான மாலுமிகள் கைவிடப்பட்டார்கள். நாடுவாரியாகப் பார்த்தால் அவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள்.

சட்டத்தின் கண்ணில் ‘கைவிடப்பட்டவர்’ ஆக நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஊர் திரும்பும் செலவை முதலாளி ஏற்காவிட்டாலும், உணவும் தண்ணீரும் எரிபொருளும் தராமல் விட்டாலும், குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் உறவை அறுத்துக்கொண்டாலும் அது கைவிடுதல்தான். இப்படி நேர்ந்தால் நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கிக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் முதலாளி முன்கூட்டியே நிதிக் காப்பு எடுத்திருக்க வேண்டும் என்பது 2017 முதல் விதி. அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஏறிய முதல் நாளே அதைத் தேடிப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்புங்கள். காப்பு நிறுவனத்தின் பெயரும் தொடர்பு எண்ணும் அதில் இருக்கும். பல பேர் நான்கு மாதம் கடந்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். அதற்கு மேற்பட்ட சம்பளத்துக்கு இந்தக் காப்பு வராது. இரண்டாவது மாதம் சம்பளம் வராதபோதே எழுத்தில் புகார் கொடுத்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒப்பந்தம் பற்றி: கப்பல் ஏறும் முன் இரு தரப்பும் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்கவும், விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கவும் உங்களுக்கு நேரம் தர வேண்டும். இது அவர்கள் காட்டும் தயவு அல்ல. “கப்பல்ல ஏறினதும் கொடுப்பாங்க” என்றால் ஏறாதீர்கள். ஏறிய பிறகு சம்பளத்தைக் குறைத்து இன்னொரு தாளை நீட்டுவது பழைய தந்திரம். கேடட்டுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லாக் கப்பல் அனுபவமும் அதிகாரி தேர்வுக்குக் கணக்கில் சேர்வதில்லை. ஒரு வருடம் சிறிய படகுகளில் உழைத்துவிட்டு வந்து, அந்த நாட்கள் செல்லாது என்று தெரிந்து நொந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடலில் இருக்கும்போது மாதம் ஒருமுறையாவது சம்பளம் தர வேண்டும், கணக்குச் சீட்டும் தர வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி நேரம் ஓய்வு, வாரத்தில் எழுபத்தேழு மணி நேரம். பன்னிரண்டு மாதம் முடிவதற்குள் முதலாளி செலவில் ஊர் திரும்பும் உரிமை உண்டு. அடிதடி, கேலி, பாலியல் தொல்லை எதுவானாலும் கப்பலுக்குள்ளேயே புகார் செய்ய முறை இருக்க வேண்டும். பெண் கேடட்டுகள் இப்போது கூடுதலாக வருகிறார்கள், இந்த முறையை ஏறும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கப்பலுக்குள் நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்து தொடும் துறைமுகத்தின் அதிகாரியிடம் முறையிடலாம். புகார் தந்தவர் யார் என்பதை அவர்கள் வெளியிடக் கூடாது.

சம்பள பாக்கிக்கு இன்னொரு வலுவான ஆயுதம் இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. மாலுமியின் சம்பளம் கப்பலின் மீதே ஏறி நிற்கும் உரிமை. முதலாளி மாறினாலும் அது கப்பலோடு போகும். 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டப்படி, தமிழ்நாட்டுக் கடல் எல்லைக்குள் அந்தக் கப்பல் வந்தால் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சிறைபிடிக்க உத்தரவிடலாம். கப்பல் ஏலம் போனால் இந்த வகைக் கடன்களில் மாலுமியின் சம்பளம் முதல் வரிசையில் நிற்கும். ஆனால் பாக்கி ஏற்பட்டு இரண்டு ஆண்டுக்குள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

கன்னியாகுமரி, ராமநாதபுரம் மீனவக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. மேலே சொன்ன உடன்படிக்கை மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது. வளைகுடா விசைப்படகு வேலையை ‘கப்பல் வேலை’ என்று சொல்லி அழைத்தால் இந்தப் பாதுகாப்புகள் உங்களுக்குக் கிடையாது.

ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது, ஜாயினிங் வரவில்லை என்றால்? கொடுத்ததை வெளியே சொன்னால் நம்மையே பிடித்துவிடுவார்களோ என்று பயந்து பலர் முடங்கிவிடுகிறார்கள். நேர்மையான வேலையை நம்பிக் கொடுத்தவர் ஏமாற்றப்பட்டவர். குற்றம் வாங்கியவர் மேல். பணப் பரிமாற்றச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், ‘அன்று கொடுத்த இவ்வளவு ரூபாய் என்ன ஆயிற்று’ என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அவர் தரும் பதிலும் ஒரு சான்றுதான். பாஸ்போர்ட்டைப் பிணையாக வைத்துக்கொள்ள ஏஜென்ட்டுக்கு அதிகாரம் இல்லை. அது இந்திய அரசின் உடைமை. இணையவழி அனுப்பிய பணமென்றால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள், முந்தினால் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்புண்டு. காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றமாகப் புகார் தரலாம். அந்தக் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஏஜென்ட் உரிமம் பெற்றவராக இருந்தால் டி.ஜி. ஷிப்பிங்குக்கும், சென்னையில் உள்ள ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகத்துக்கும் புகார் அனுப்புங்கள். உரிமம் போய்விடும் என்ற பயத்தில் பணத்தைத் திருப்பித் தருகிறவர்களும் உண்டு. வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100ஐ அழைக்கலாம்.

ஏஜென்ட் “அடுத்த மாசம் கண்டிப்பா” என்பார். பிறகு விசா பிரச்சினை, துறைமுகத்தில் வேலைநிறுத்தம், கம்பெனியில் ஆடிட் என்று காரணங்கள் வரும். ஒவ்வொரு தவணையிலும் சாட்சிகள் பழசாகும், வங்கிக் கணக்கு காலியாகும், செல்பேசி எண் மாறும். மூன்றாவது தவணைவரை பொறுத்திராமல், முதல் தேதி தவறிய அன்றே பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.