பீட்டா சோதனைக்கு உங்கள் கம்ப்யூட்டர் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஏதாவது ஓர் ஆன்லைன் கேமை இறக்கிக் கொள்வது வழக்கம். அதன் முகப்பில், புதிய பதிப்பின் பீட்டா சோதனையில் சேருகிறீர்களா என்று கேட்டு ஒரு பட்டன் இருக்கும். இலவசம்தானே என்று உடனே கிளிக் செய்துவிடுகிறோம். அந்தப் பட்டனுக்கு மறுபக்கம் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு சாப்ட்வேரை எழுதியவர்கள் தங்கள் அலுவலகத்திற்குள்ளேயே சோதிப்பது ஆல்பா. வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிப்பது பீட்டா. ஆல்பாவில் தப்பிய பிழை ஏன் பீட்டாவில் சிக்குகிறது என்பதுதான் விஷயம்.

எங்கள் நிறுவனத்தில் ஆன்லைன் கேரம் விளையாட்டின் இரண்டாம் பதிப்பைத் தயாரித்தோம். பழைய பதிப்பில் காய்கள் எப்படி ஓடும் என்பதை எங்கள் சர்வர் கணக்கிட்டது. சர்வரின் சுமையைக் குறைக்க, அந்தக் கணக்கை ஆடுபவர்களின் கம்ப்யூட்டர்களிடமே விட்டோம். ஸ்ட்ரைக்கரின் கோணமும் வேகமும் மட்டும் இன்டர்நெட் வழியே எதிராளிக்குப் போகும். இரண்டு கம்ப்யூட்டர்களும் தனித்தனியே கணக்குப் போட்டு, ஒரே விடையைக் காட்ட வேண்டும். அலுவலகத்தில் மூன்று வாரம் ஆடினோம். ஒரு பிழை கூட வரவில்லை.

பீட்டா தொடங்கிய இரண்டாம் நாள் ஒருவர் மெயில் அனுப்பினார். தான் சிவப்பைப் போட்டுவிட்டதாகவும், தம்பியின் திரையில் அது குழி ஓரத்தில் நிற்பதாகவும் எழுதியிருந்தார். உங்கள் இன்டர்நெட் இணைப்பைச் சரி பாருங்கள் என்று ஒரு வரி பதில் போட்டேன். (எல்லா இன்ஜினியர்களும் முதலில் சொல்லும் பதில் இது.) மறுநாள் இரண்டு கம்ப்யூட்டர்களையும் அருகருகே வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார். அவர் சொன்னது உண்மைதான்.

காரணம் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. புதிய ப்ராசசர்கள் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே படியில் செய்து, விடையை ஒரு முறை மட்டும் ரவுண்டு செய்கின்றன. தம்பியின் பழைய லேப்டாப்பில் அந்த வசதி இல்லை; அது இரண்டு படியில் செய்து இரண்டு முறை ரவுண்டு செய்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கத்தில்தான் வித்தியாசம். ஆனால் காயில் காய் மோதி, பலகையில் மோதித் திரும்பும்போது அது பெருகிக் கொண்டே போய், சிவப்பைக் குழிக்கு வெளியே நிறுத்திவிட்டது. எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல். முப்பது வருடம் ஆடினாலும் இந்தப் பிழை அங்கே தெரிந்திருக்காது.

கணக்கை மறுபடி சர்வருக்கே கொண்டு போனோம். ரிலீஸ் ஆறு வாரம் தள்ளிப் போனது. அப்படியே வெளியிட்டிருந்தால் ஆடுபவர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று திட்டிக் கொண்டிருப்பார்கள்.

இதில் கெட்டது ஓர் ஆட்டம்தான். கம்ப்யூட்டரே கெட்டுப்போன கதையும் உண்டு. ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் தயாரிக்கும் ஈவ் ஆன்லைன் விண்வெளி கேமுக்கு 2007 டிசம்பரில் ட்ரினிட்டி என்ற பெரிய அப்டேட் வந்தது. கேமின் போல்டரில் பூட் டாட் ஐ.என்.ஐ. என்று ஒரு பைல் அப்போது இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியும் தான் தொடங்குவதற்கு அதே பெயரில் ஒரு பைலை சி டிரைவில் வைத்திருந்தது. கேமின் பைலை நீக்கப் போன இன்ஸ்டாலர், இடம் மாறி விண்டோஸின் பைலை அழித்துவிட்டது. முதல் பார்ட்டிஷனில் விண்டோஸ் இருந்தால் அந்தப் பைல் இல்லாமலும் எக்ஸ்பி பெரும்பாலும் தொடங்கிவிடும். வேறு விதமாக அமைத்திருந்தவர்கள் ரீஸ்டார்ட் செய்தபோது கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அது பீட்டா கூட அல்ல, முழுதாக வெளியான அப்டேட்!

விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அந்தப் பைலைப் பயன்படுத்துவதில்லை. சிஸ்டம் பைல்களில் கை வைக்கும் முன் புரோகிராம் உங்களிடம் அனுமதி கேட்கவும் வேண்டும். இன்ஸ்டால் செய்திடும்போது திரை மங்கி, எஸ், நோ என்று ஒரு விண்டோ வருகிறதே, அது இதற்காகத்தான். அதில் படிக்காமல் எஸ் கொடுத்தால் பழைய கதைதான்.

ஆகவே, வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர் என்றால், பீட்டா இறக்கும் முன் குடும்பப் போட்டோக்களையும் பாடங்களையும் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்திடுங்கள். காப்பி செய்த பின் அதைக் கழற்றி வையுங்கள். பீட்டாவில் சேர்த்த பாயிண்ட்கள் ரிலீசின்போது பெரும்பாலும் அழிக்கப்படும். அதற்காக இரவு முழுக்க விழிக்க வேண்டாம். காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பிழை கண்டால் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசியாக எதைக் கிளிக் செய்தீர்கள், அதற்குப் பின் என்ன வந்தது என்று எழுதுங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, வரும் கட்டத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டினால், உங்கள் ப்ராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு விவரங்கள் எல்லாம் வரும். கீழே உள்ள சேவ் பட்டனை அழுத்தினால் டெக்ஸ்ட் பைலாகக் கிடைக்கும். அதையும் மெயிலில் இணைத்திடுங்கள். அந்தக் கேரம் அண்ணன் தம்பி இருவரின் பைல்களையும் முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தால், எனக்கு நான்கு நாள் ஆகியிருக்காது.