ஈஸ்வரமூலி வேரை உள்ளே கொடுக்கலாமா?

வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வேலிகளில் படரும் கொடி அது. காய் முற்றி வெடித்தால் கயிறு கட்டிய குட்டி உறிபோலத் தொங்கும். தமிழில் ஈஸ்வரமூலி, பெருமருந்து என்பார்கள். மலையாளத்தில் கரளகம், கருடக்கொடி. பாலக்காட்டுச் சமவெளியானாலும் இடுக்கியின் மறையூர், பூப்பாறை, குமுளியானாலும் இந்த எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய பெயர்தான். பூச்சிக்கடி, பாம்புக்கடி, விடாத காய்ச்சல், வயிற்றுப் பொருமல், தள்ளிப்போன மாதவிலக்கு என்று பலவற்றுக்கும் இதன் கசப்பு வேரை அரைத்துக் கொடுப்பது நாட்டு வழக்கம்.

இந்த வேரில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. சீன மருத்துவத்தின் ஒரு வேர் உலகையே பதறவைத்ததற்குக் காரணமான அதே நஞ்சு.

பிரஸ்ஸல்ஸில் நடந்தது

பெல்ஜியத் தலைநகரில் ஒரு எடைக்குறைப்பு மருத்துவமனை 1990 முதல் தன் மாத்திரைகளில் சீன மூலிகைப் பொடிகளையும் சேர்த்தது. அதில் இருக்க வேண்டியது ஹான் ஃபாங்ஜி என்ற வேர். பெயரில் நெருங்கிய குவாங் ஃபாங்ஜி அதன் இடத்தில் வந்துவிட்டது. இது நம் ஈஸ்வரமூலியின் பேரினத்தைச் சேர்ந்தது. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பெண்கள் சிறுநீரகம் செயலிழந்து வரத் தொடங்கினார்கள். 1993இல் மருத்துவர் வான்ஹெர்வெகெம் குழுவினர் இதை 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பிறகு நூறைத் தாண்டியது.

கதை அதோடு நிற்கவில்லை. முற்றிலும் பழுதடைந்த சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் 39 பேருக்கு அகற்றிப் பரிசோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. அந்த ஆய்வு வெளியான ஆண்டு 2000. இந்த இனத்துச் செடிகள் கலந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் வைத்தது. புகையிலைப் புகையும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

"பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோமே?"

நியாயமான கேள்வி. விடை, இந்த நஞ்சு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அரளி விதை தின்றவர் அன்றைக்கே விழுந்துவிடுவார்; ஊருக்கே தெரியும். இது அப்படியல்ல. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் இந்த அமிலத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. அங்கே அது மாற்றமடைந்து செல்லின் மரபுப்பொருளில் ஒட்டிக்கொள்கிறது. செல்கள் செத்து, அந்த இடம் தழும்பாகி, சிறுநீரகம் சுருங்குகிறது. சாப்பிடுவதை நிறுத்திய பிறகும் சேதம் தொடரலாம். புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஐம்பது வயதில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் முப்பதில் குடித்த கஷாயத்தை எங்கே நினைத்துப் பார்க்கப் போகிறார்?

பால்கன் நாடுகளில் டான்யூப் கிளைநதிக் கரைகளில் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் கெட்டது. மருத்துவ உலகம் அதை 1950களில் கவனித்தது. தண்ணீரா, பரம்பரையா என்று தேடினார்கள். கோதுமை வயலில் களையாக முளைத்த இதே இனச் செடியின் விதை மாவில் கலந்து ரொட்டியாகிக்கொண்டிருந்தது என்பது உறுதிப்பட ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. தினம் சாப்பிடும் ரொட்டியிலேயே கண்டுபிடிக்க முடியாதது, எப்போதோ குடித்த வேரில் பாட்டிக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

வேகவைத்தால் முறிந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். சீனாவிலும் தைவானிலும் கஷாயமாகக் குடித்தவர்களும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்.

பாம்புக்கடிக்கு நல்லதுதானே?

அந்த நம்பிக்கை வெறும் கற்பனை அல்ல. கண்ணாடி விரியன் நஞ்சிலுள்ள பாஸ்போலிப்பேஸ் என்ற நொதியை அரிஸ்டோலோக்கிக் அமிலம் தடுக்கிறது என்று மைசூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் கண்டது. பாம்பின் நஞ்சில் பல பொருள்கள் இருக்கின்றன. கடிபட்டவரின் ரத்தத்தில் ஏறிய அத்தனையையும் வாய்வழி கொடுத்த வேர் முறிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. கண்ணாடி விரியன் கடியே சிறுநீரகத்தைத் தாக்கும். ஏலத்தோட்டச் சருகுக்குள் கிடக்கும், மூக்கு மேடிட்ட சிறு குழிவிரியனும் அப்படித்தான். அதன் நஞ்சுக்கு நம் நாட்டு விஷமுறிவு ஊசியும் வேலை செய்யாது, மருத்துவமனைக் கண்காணிப்புத்தான் காப்பாற்றும். ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தின் மேல் இன்னொரு நஞ்சை ஊற்றுவானேன்? வைத்தியர் வீட்டு வாசலில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து. கடிபட்ட கை காலை அசைக்காமல், கீறாமல், இறுக்கிக் கட்டாமல் கிளம்புங்கள். அட்டப்பாடிக்காரர்களுக்குக் கோட்டத்தறை அரசுப் பழங்குடியினர் மருத்துவமனை இருக்கிறது. போடிமெட்டு, குமுளியிலிருந்து இறங்கினால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

கொடியை வெட்டி எறியச் சொல்லவில்லை. மலையாளிகள் கருடசலபம் என்றழைக்கும் பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த இலையைத் தின்றே வளர்கிறது. நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. வேலியில் அது படரட்டும், அம்மியில் மட்டும் வேண்டாம்.

ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால்

ஒருமுறை நாக்கில் பட்டதற்காகக் கலங்க வேண்டாம். உடம்பில் சேர்ந்த மொத்த அளவு கூடக்கூடத்தான் ஆபத்து கூடுகிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் இன்றே நிறுத்திவிட்டு ரத்தத்தில் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், கூடவே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த நோயில் கால் வீக்கமோ அதிக ரத்த அழுத்தமோ தொடக்கத்தில் தெரியாமல் போகலாம். காரணமில்லாத சோகையும் அசதியும்தான் பலருக்கு முதல் அடையாளம். வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மாதவிலக்கு தள்ளிப்போனதற்காக இதைக் குடித்த பெண்கள் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். சொல்லுங்கள் அம்மா. கர்ப்பமாக இருந்தால் அதை உடனே அறிய வேண்டும். மீதமிருக்கும் வேரையோ பொடிப் பொட்டலத்தையோ கையோடு எடுத்துப்போய்க் காட்டினால், எதைச் சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் ஊகிக்க வேண்டியிருக்காது.